ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒரு வாழ்க்கை: தென்கொரியாவின் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள்

தென்கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவருக்கு வேலை, வீடு, விசா மூன்றும் ஒரே கையெழுத்தில் கிடைத்துவிடுகின்றன. கல்லூரியை முடித்துக் கல்விக் கடனோடு நிற்கும் ஓர் அமெரிக்க இளைஞருக்கோ, ஊரில் வேலை அமையாத தென்னாப்பிரிக்கப் பட்டதாரிக்கோ இது பெரிய வரம். முன்பின் தெரியாத நாட்டில் இறங்கிய அன்றே தலைக்கு மேல் கூரை இருக்கும், அடுத்த மாதம் சம்பளம் வரும். அதே காரணத்தால், வேலை போனால் அந்த மாதமே வீடும் போகும், விசாவும் ஆட்டம் காணும். இந்த முடிச்சைத் தெரிந்துகொள்ளாமல் அவர்களுடைய அன்றாடத்தைப் புரிந்துகொள்ள முடியாது. எந்நேரத்துக்கு எழுகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், மேலதிகாரியிடம் எப்போது வாய் திறக்கத் தயங்குகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதைப் பொறுத்தவை.

ஓராண்டு வந்து, கொஞ்சம் சேமித்து, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவரை மனத்தில் வைத்துத்தான் இந்த ஏற்பாடு உருவானது. முப்பது ஆண்டுகள் ஆகியும் அதன் அடிப்படை மாறவில்லை. ஆசிரியருக்கு மட்டுமல்ல, அவரிடம் படிக்கும் குழந்தைகளுக்கும் இதில் இழப்பு இருக்கிறது என்பது என் கருத்து.

பேச்சுத் தேர்வே இல்லாத நாடு

1990களின் நடுவில் அதிபர் கிம் யங்-சாம் அரசு நாட்டை உலகத்தோடு இணைப்பதைக் கொள்கையாக அறிவித்தது. அதன் பகுதியாக, அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களைக் கொண்டுவரும் எபிக் திட்டம் 1995-ல் தொடங்கியது. 1997-ல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடமானது. அதே ஆண்டின் கடைசியில் நாடு நிதி நெருக்கடியில் விழுந்தது. சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்த வேண்டியதாயிற்று, நிரந்தரம் என்று நம்பிய வேலைகள் பறிபோயின. பிள்ளைக்கு ஆங்கிலம் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் பெற்றோர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அந்தக் காலத்தில்தான்.

அந்தப் பயத்துக்குத் தீனி போட ஹாக்வோன்கள் இருந்தன. நம் ஊர் டியூஷன் சென்டரையும் கோச்சிங் சென்டரையும் சேர்த்துப் பல மடங்கு பெரிதாக்கினால் கிடைப்பது ஹாக்வோன். 1980-ல் சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சி தனிப்பயிற்சியைத் தடை செய்தது. கட்டுப்பாடுகள் பிறகு படிப்படியாகத் தளர்ந்தன. 2000-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தனிப்பயிற்சித் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2024-ல் கொரியப் பள்ளி மாணவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஏதோ ஒரு தனிப்பயிற்சிக்குப் போனார்கள். அந்த ஆண்டு பெற்றோர் இதற்குச் செலவிட்ட தொகை 29.2 லட்சம் கோடி வோன் என்கிறது அந்நாட்டுப் புள்ளியியல் துறை. கணிதத்தோடு ஆங்கிலமும் அந்தச் செலவில் முன்வரிசையில் நிற்கிறது.

இதில் வெளிநாட்டு ஆசிரியரின் இடம் எது? பதில் சுனுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் இருக்கிறது. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை நடக்கும் அந்தத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதி ஓடும் அரை மணி நேரத்துக்கும் சற்று அதிகமான நேரம், நாடு முழுக்க விமானங்கள் ஏறவோ இறங்கவோ கூடாது. அவ்வளவு முக்கியத்துவம். ஆனால் அந்த ஆங்கிலத் தாளில் 70 நிமிடங்களில் 45 கேள்விகள். 17 கேட்டல், மீதி வாசிப்பு. பேச்சு கிடையாது, எழுத்தும் கிடையாது. மாணவர் பேச வேண்டிய அவசியமே இல்லாத தேர்வு இது. அதனால்தான் குழந்தை சிறிதாக இருக்கும்வரை ஆங்கிலம் பேசும் வெளிநாட்டவர் வேண்டும் என்று தேடுகிற பெற்றோர், உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் இலக்கணத்தையும் விடைத்தாள் நுணுக்கத்தையும் சொல்லித் தரும் கொரிய ஆசிரியரிடம் பிள்ளையை மாற்றிவிடுகிறார்கள். செலவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்தபோது, 2010களின் தொடக்கத்தில் சியோல் கல்வித்துறை முதலில் கை வைத்தது நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளின் வெளிநாட்டு ஆசிரியர் பணியிடங்களில்தான். பல் விழுந்து முளைக்காத குழந்தைகள் நிறைந்த வகுப்பறைதான் இந்த ஆசிரியர்களுடைய பெரும்பான்மை உலகம்.

பள்ளியில் ஒரு பகல்

அரசுப் பள்ளி ஆசிரியரின் நாள் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு முடியும். வாசலில் காலணி அலமாரி. வெளிச் செருப்பைக் கழற்றி உள்ளே போடும் செருப்புக்கு மாற வேண்டும். வாரத்துக்கு 22 பாடவேளை. தொடக்கப் பள்ளியில் ஒரு வேளை 40 நிமிடம். வகுப்பில் அவர் தனியாக இருக்க மாட்டார். சட்டப்படி அவர் துணை ஆசிரியர். கொரிய ஆசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். கோ-டீச்சர் என்று எல்லோரும் சொல்வது அவரைத்தான்.

இந்தக் கோ-டீச்சரைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதுவதில்லை. வெளிநாட்டு ஆசிரியரை வங்கிக்கு அழைத்துப் போவது, குடியிருப்பு அட்டை வாங்கக் குடிவரவு அலுவலகத்துக்குப் போவது, அந்த அட்டை வரும்வரை செல்போன் இணைப்பு இல்லாமல் திண்டாடுகிறவருக்கு மாற்று வழி பார்ப்பது, காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் மொழிபெயர்ப்பது, கேஸ் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வது, எல்லாம் அவர் தலையில். பல பள்ளிகளில் இந்தப் பொறுப்பு போய்ச் சேர்வது இருப்பதிலேயே இளைய ஆசிரியையிடம், மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம். அவருக்கு மனமிருந்தால் வெளிநாட்டவரின் ஆண்டு நல்லபடியாகப் போகும். வேலைப்பளுவில் அவர் களைத்துப்போனால் அந்தக் கசப்பு இருவருக்கும் நடுவில் மௌனமாக வளரும். ஒப்பந்தம் முடிந்து ஆள் மாறும்போது அதே இளம் ஆசிரியை புதியவருக்காக வங்கி வரிசையில் மறுபடியும் நிற்கிறார்.

மதியச் சாப்பாடு எவர்சில்வர் தட்டில், குழிகள் போட்டது. கீழே இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப், மேலே கிம்ச்சி என்ற காரமான ஊறவைத்த காய்கறியும் இரண்டு மூன்று தொட்டுக்கைகளும். மாணவர், ஆசிரியர், தலைமையாசிரியர் எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான். மாதப் பட்டியல் தாளில் ஒவ்வொரு உணவின் பக்கத்திலும் சிறிய எண்கள் அச்சிட்டிருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அரசு வகுத்த குறியீடு அது: 1 என்றால் முட்டை, 9 என்றால் இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு. கொரிய எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரியாத புதியவர்கள் முதலில் படிக்கக் கற்றுக்கொள்வது இந்த எண்களைத்தான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த எண்களும் முழுதாகக் கைகொடுக்காது. வெறும் காய்கறி சூப் போலத் தெரிவதன் அடியில் காய்ந்த நெத்திலி கொதித்த தண்ணீர் இருக்கும். கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ கலந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரே சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து உண்பதை மரியாதையாகக் கருதும் இடத்தில், ஏன் டப்பா என்று விளக்குவது சாப்பிடுவதைவிடச் சிரமம்.

வகுப்பு முடிந்த பிறகும் பள்ளி வாழ்க்கை உண்டு. பல தொடக்கப் பள்ளிகளில் வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் புதன்கிழமை, ஆசிரியர்கள் வாலிபால் ஆடுவார்கள். புதியவரையும் இழுத்து நிறுத்துவார்கள். அவ்வப்போது ஹோய்சிக் என்ற கூட்டு விருந்து. பெரியவருக்கு சோஜு என்ற கொரிய மதுவை ஊற்றும்போது இரண்டு கையாலும் பிடித்து ஊற்ற வேண்டும், குடிக்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்ள வேண்டும். விடுமுறையில் மாணவர் இல்லாத பள்ளிக்கு வந்து, ஹீட்டர் அணைத்த அறையில் கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாட்களும் உண்டு. ஜனவரியில் அந்த நாட்கள் மிக நீளமானவை. ஒப்பந்தம் தரும் விடுப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 26 நாள். அதுவும் பெரும்பாலும் பள்ளி விடுமுறைக்குள்ளேயே எடுக்க வேண்டும்.

ஹாக்வோன் ஆசிரியரின் கடிகாரம் வேறு. பள்ளி முடிந்து மஞ்சள் வேன்களில் பிள்ளைகள் வந்து இறங்கும்போதுதான் அவருக்குக் காலை. மதியம் ஒன்று, இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது, பத்து வரை. சியோலில் இரவு 10 மணிக்கு மேல் ஹாக்வோன் நடத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி செல்லும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2009-ல் சொன்னது. பத்து மணிக்கு, ஹாக்வோன்கள் நெருங்கி நிற்கும் சியோலின் டேச்சி-டோங் தெருக்களில் பெற்றோர் கார்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால் அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்று புரியும். ஆங்கில மழலையர் பள்ளி என்று விளம்பரப்படுத்திக்கொள்ளும் ஹாக்வோன்களில் மட்டும் வேலை காலையிலேயே தொடங்கும். பாடம் எடுப்பதோடு சோறு ஊட்டுவது, ஜிப் போட்டுவிடுவது, கழிவறைக்கு அழைத்துப் போவதும் சேர்ந்துகொள்ளும். கொரியக் கல்வி அமைச்சு 2025-ல் வெளியிட்ட மாதிரி ஆய்வின்படி இவற்றுக்கு மாதச் செலவு சராசரியாக 15 லட்சம் வோனைத் தாண்டுகிறது. அவ்வளவு கொடுத்த பெற்றோர் அதற்கு ஈடாக ஆங்கிலம் சரளமாக வருவதை எதிர்பார்ப்பார்கள். ஐந்து வயதுக் குழந்தை அழுதால் ஆறுதல் சொல்லவும் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று நிர்வாகம் சொல்லும் இடங்களில் ஆசிரியர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இன்னும் சிரமம் அந்தக் குழந்தைக்கு.

அறையும் சம்பளமும்

அவர் திரும்பிப் போகும் அறைக்கு ஒன்ரூம் என்று பெயர். கதவில் சாவி இல்லை, எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு. படுக்கையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் அடுப்பு. அடுப்புக்குக் கீழேயோ சிறு பால்கனியிலோ சலவை இயந்திரம். குளியலறையில் ஷவருக்குத் தனி இடம் இல்லாமல் வாஷ்பேசின் குழாயோடு இணைந்திருக்கும். குளித்தால் அறை முழுக்க நனையும். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் ஓந்தோல் சூடு மட்டும் ராஜபோகம். அதற்கான கேஸ் பில் மாதக் கடைசியில் வரும். குப்பைக்கு அந்தந்த வட்டாரத்துப் பையைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும், உணவுக் கழிவு தனி, பிளாஸ்டிக் தனி. தப்பாகப் போட்டால் பை அப்படியே கிடக்கும், கட்டடக்காரர் வந்து நிற்பார்.

இந்த அறையை வேலை கொடுப்பவரே ஏன் தருகிறார்? கொரியாவில் வாடகைக்குப் போக முன்பணம் கனமாகக் கட்ட வேண்டும். சின்ன ஒன்ரூமுக்கே 50 லட்சம், ஒரு கோடி வோன் கேட்பார்கள். இறங்கிய முதல் வாரத்தில் எந்தப் பட்டதாரியிடமும் அது இருக்காது. வீட்டைச் சேர்த்துக் கொடுத்தால்தான் ஆள் வருவார். அப்படி உதவியாகத் தொடங்கியது, ஹாக்வோன் முதலாளியோடு மனஸ்தாபம் வரும் நாளில் பிடியாக மாறுகிறது. சம்பளம் பாக்கி என்று கேட்கப் போகிறவர், இரவு எங்கே படுப்பது என்பதையும் யோசித்துக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

சம்பளக் கணக்கைத்தான் நான் எல்லோரையும் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். 2010 வாக்கில் புதிதாக வருகிறவருக்கு மாதம் 20 முதல் 22 லட்சம் வோன் கிடைத்தது. அப்போது கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4,110 வோன். முழுநேர வேலைக்கு மாதம் சுமார் 8.6 லட்சம். ஆங்கில ஆசிரியர் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வாங்கினார், வீட்டு வாடகையும் இல்லை. 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வோன். மாதக் கணக்கில் சுமார் 21 லட்சம். ஆசிரியருக்கான விளம்பரங்களில் இன்றும் தொடக்கச் சம்பளம் 22 முதல் 25 லட்சம் என்று இருப்பது சாதாரணம். நம் ரூபாயில் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டமும், அந்தச் சான்றிதழை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அபோஸ்டில் முத்திரையும் கேட்கும் வேலை, பதினைந்து ஆண்டுகளில் கடை ஊழியரின் சட்டப்படியான கூலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இருந்த இடத்திலேயே நின்றவரை விலைவாசி எட்டிப் பிடித்துவிட்டது. நிலைத்து நிற்பவர்கள் இருந்திருந்தால் ஊதிய உயர்வுக்குச் சேர்ந்து குரல் கொடுத்திருப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு முகம் மாறும் கூட்டத்துக்கு அந்தக் குரல் எப்படி வரும்?

கொரியத் தொழிலாளர் சட்டம் மோசமானதல்ல. ஓராண்டு முடித்தவருக்கு ஒரு மாதச் சராசரிச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுத்தே ஆக வேண்டும், அவர் எந்த நாட்டவரானாலும். ஓய்வூதிய நிதியிலும் மருத்துவக் காப்பீட்டிலும் முதலாளி பாதி போட வேண்டும். அமெரிக்கர், கனடியர், ஆஸ்திரேலியர் நாடு திரும்பும்போது ஓய்வூதியப் பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகலாம். பிரிட்டன்காரருக்கு அந்த வசதி கிடையாது. சட்டத்தைச் சுற்றிப்போகும் வழிகளும் பழகிப்போனவை. பணிக்கொடை தர வேண்டாம் என்பதற்காகப் பதினோராவது மாதத்தில் ஏதாவது காரணம் சொல்லி வெளியேற்றுவது ஒன்று. ஊழியரைத் தனித்தொழில் செய்பவராகக் கணக்கில் காட்டி, 3.3 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு காப்பீடு எதையும் கட்டாமல் விடுவது இன்னொன்று. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களில் தொழிலாளர் சட்டத்தின் பல பிரிவுகள் பொருந்தா. சிறிய ஹாக்வோன்கள் பல அந்த வரம்புக்குள்ளேயே இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் காசு வாங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மொழி ஆசிரியர்களுக்கான ஈ-2 விசாவில் இருப்பவர் தனி டியூஷன் எடுப்பது சட்டவிரோதம். பிடிபட்டால் அபராதம், சில வேளைகளில் நாடுகடத்தல்.

யாருக்குத் திறக்கும் கதவு

ஈ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. பட்டச் சான்று, குற்றப்பதிவு இல்லை என்ற காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை வேண்டும். கற்பித்தல் பயிற்சி கட்டாயமில்லை. சென்னையில் இருபது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியைக்கு எளிதில் திறக்காத கதவு, டொரண்டோவில் வளர்ந்து கனடியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்ணுக்கும் டர்பன் நகரத்துத் தமிழ் வம்சாவளி இளைஞருக்கும் திறக்கும். திறந்த பிறகும் விண்ணப்பத்தில் ஒட்டும் புகைப்படம் பேசும்; வெள்ளை முகத்தையே தேடும் ஹாக்வோன்கள் உண்டு என்பது அங்கு வேலை தேடிய எல்லோரும் அறிந்தது. இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையில் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம், தகுதியுள்ள இந்திய ஆசிரியர்கள் கொரியப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகச் சேர வழிவிட்டது. அந்த வழியில் உள்ளே போனவர்கள் மிகச் சிலரே. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களுக்கு இந்த விசா இல்லை. ஆனால் மணிலாவில் உட்கார்ந்துகொண்டு வீடியோ அழைப்பில் கொரியக் குழந்தைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் ஆங்கிலம் பேசப் பழக்குகிறவர்கள் அவர்கள்தான். வகுப்பறைக்கு வெளியே அவர்களுடைய ஆங்கிலம் செல்லுபடியாகிறது.

உள்ளே வந்தவர்மீதும் சந்தேகம் விழுந்த காலம் உண்டு. 2007-ல் சிறார்மீதான பாலியல் குற்றத்துக்காகத் தேடப்பட்ட ஒரு கனடியர் தாய்லாந்தில் பிடிபட்டார். அவர் கொரியாவில் பாடம் நடத்தியிருந்தார் என்று தெரிந்ததும் ஈ-2 விசாக்காரர்கள் அனைவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமானது. கொரிய ஆசிரியர்களுக்கு அது இல்லை. மறுபரிசோதனைக்கு உடன்பட மறுத்து வேலையை இழந்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவரை போனார். 2015-ல் குழு அவர் பக்கம் நின்றது. 2017-ல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. தனியொருவர் விடாமல் நின்று பெற்ற இந்த மாற்றத்தின் பலனை இன்று அனுபவிப்பவர்களில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இப்போது இந்தத் தொழிலுக்கு அடியில் தரையே நகர்கிறது. 2023-ல் கொரியாவின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி, 0.72, அடுத்த ஆண்டு 0.75. 2024-ல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதன்முறையாக 4 லட்சத்துக்குக் கீழே போனார்கள். ஈ-2 விசாக்காரர்களின் எண்ணிக்கையும் 2010 வாக்கில் தொட்ட உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. கிராமப்புற மாகாணங்களில் ஒரே ஆசிரியர் திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் ஒரு பள்ளி என்று பஸ் பிடித்துச் சுற்றுகிறார். சில வகுப்புகளில் நான்கைந்து குழந்தைகள்தான். எனக்கு இந்தப் பள்ளிகள்மீது தனி அக்கறை உண்டு. சியோல் குழந்தைக்கு ஹாக்வோன் இருக்கிறது, வெளிநாட்டுப் பயணம் இருக்கிறது. தென்மேற்கில் உள்ள ஜொல்லாவின் மீனவக் கிராமத்துக் குழந்தைக்கு வேற்று நாட்டவர் ஒருவரோடு பேசக் கிடைக்கும் வாய்ப்பு, வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வரும் அந்த ஆசிரியர் மட்டுமே. அங்கேதான் ஒரே ஆள் மூன்று, நான்கு ஆண்டுகள் இருக்க வேண்டும்; குழந்தையின் பெயரும் கூச்சமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஆள் மாறும் சாத்தியம் அங்கேதான் அதிகமாக வலிக்கிறது.

நீண்ட நாள் இருக்க நினைப்பவர்கள் ஈ-2-வை விட்டு வெளியேற வழி தேடுகிறார்கள். கொரிய மொழித் தேர்வு எழுதிப் புள்ளிகள் சேர்த்து எஃப்-2 என்ற குடியிருப்பு விசா வாங்குகிறார்கள், கொரியரை மணந்தவர்கள் எஃப்-6-க்கு மாறுகிறார்கள். அந்த அட்டை கைக்கு வந்ததும் முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் வேலை மாறலாம், சொந்தமாக வீடு பார்க்கலாம். அதுவரை ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் வரி விடாமல் படிப்பதும், ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துவதும், ஓய்வூதிய நிதியிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பெயர் ஏறியிருக்கிறதா என்று தானே போய்ச் சரிபார்ப்பதும் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. விசா சந்தேகங்களுக்கு 1345, சம்பளப் பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் 1350. முதலாவது எண்ணில் ஆங்கிலத்திலும் பதில் சொல்வார்கள்.